கோச் கையில் நாலு சாவி! பிள்ளையை மைதானத்துக்கு அனுப்பும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

செஞ்சி—

செஞ்சி ராஜகிரிக் கோட்டையின் அடிவாரத்தில், கல்யாண மகாலுக்கும் குதிரை லாயத்துக்கும் அக்கம்பக்கத்தில், பழைய கட்டடம் ஒன்று நிற்கிறது. உடற்பயிற்சிக் கூடம் என்று அதைச் சொல்கிறார்கள். கோட்டைப் படையில் இருந்தவர்கள் அங்கே உடம்பைத் தேற்றினார்களாம்.

2025 ஜூலையில் இந்தக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. மராட்டியர் காலத்து 12 கோட்டைகள் அந்தப் பட்டியலில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டன. அதில் தமிழ்நாட்டைச் சேர்ந்தது செஞ்சி மட்டுமே. இனி வெளிநாட்டுக்காரர்களும் வந்து அந்தக் கூடத்தின் முன்னால் நின்று போட்டோ எடுப்பார்கள்.

கல் கட்டடம் பத்திரமாக இருக்கும். இன்றைக்கு மைதானத்தில் ஓடும் பிள்ளைகள் பத்திரமாக இருக்கிறார்களா? அதுதான் கேள்வி.

விடிந்தால் ஓட்டம்

செஞ்சி, திண்டிவனம், விழுப்புரம் என்று எந்த ஊருக்குப் போனாலும் காட்சி ஒன்றுதான். பொழுது விடிவதற்குள் பையன்களும் பெண்களும் ஓட ஆரம்பித்துவிடுகிறார்கள். போலீஸ் வேலைக்கு ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடி முடிக்க வேண்டும். சிலருக்கு ராணுவ வேலை ஆசை. சிலருக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் காலேஜ் சீட். மாவட்டப் போட்டியில் ஒரு சர்டிபிகேட் கிடைத்தால் குடும்பத்தின் தலையெழுத்தே மாறும் என்று நம்புகிறவர்கள் ஏராளம்.

இவர்களுக்கு எல்லாம் ஒரு 'சார்' இருக்கிறார். பள்ளிக்கூடத்து பி.டி. வாத்தியாராக இருக்கலாம். பழைய வீரராக இருக்கலாம். விசிலும் ஸ்டாப் வாட்சும் வாங்கிக்கொண்டு தானே 'அகாடமி' போர்டு மாட்டியவராகவும் இருக்கலாம்.

"சார் சொன்னா சரியா இருக்கும்" என்று சொல்லிவிட்டு பெற்றோர் வேலைக்குப் போய்விடுகிறார்கள். அங்கேதான் சிக்கலே தொடங்குகிறது.

நாலு சாவி

அந்த 'சார்' கையில் நாலு சாவி இருக்கிறது.

போட்டிக்கு யாரை அனுப்புவது என்பது ஒன்று. என்ன சாப்பிட வேண்டும், எந்தப் பவுடர் குடிக்க வேண்டும் என்பது இரண்டு. காலில் அடிபட்டால் பிடித்துவிடுவது, தைலம் தேய்ப்பது, மறுபடி எப்போது ஓடலாம் என்று முடிவு செய்வது மூன்று. பீஸ், சர்டிபிகேட், புகார் எல்லாம் அடங்கிய நோட்டுப் புத்தகம் நாலு.

நல்ல மனிதராக இருந்தால் நாலு சாவியும் அவரிடம் இருந்தாலும் ஆபத்து தெரியாது. ஆனால் ஒரு ஆளின் நல்ல மனசை மட்டும் நம்பி நடத்தப்படும் எந்த நிர்வாகமும் என்றாவது ஒரு நாள் கவிழும். கடந்த சில வருடங்களில் வெளியே வந்த விவகாரங்களை எடுத்து வரிசையாக வைத்துப் பார்த்தால் இந்த உண்மை பளிச்சென்று தெரியும்.

சென்னையில் அதிர்ச்சி

2021 மே மாதம். சென்னை பிராட்வே பகுதியில் தடகளப் பயிற்சி கொடுத்துவந்த கோச் ஒருவர் மீது வீராங்கனை ஒருவர் போலீசில் புகார் கொடுத்தார். அவர் சிறுமியாக இருந்த காலத்தில் இருந்தே, வருடக்கணக்கில் பாலியல் தொல்லை நடந்ததாகப் புகார். கோச் மத்திய அரசு ஊழியர். பல வெற்றி வீராங்கனைகளை உருவாக்கியவர் என்று பெயர் வாங்கியவர். போக்சோ சட்டத்தில் கைது செய்யப்பட்டார். அதன் பிறகு மேலும் சில வீராங்கனைகள் புகாருடன் வந்தார்கள்.

தசை வலிக்கு 'பிசியோதெரபி' செய்வதாகச் சொல்லித்தான் இது நடந்தது என்பது குற்றச்சாட்டு. இதைத்தான் பெற்றோர் கவனிக்க வேண்டும். ஓட்டம் சொல்லிக்கொடுப்பவரே வைத்தியமும் பார்க்கிறார். வைத்தியம் தனியாக நடக்கிறது. எதிர்த்துப் பேசினால் அடுத்த போட்டிக்குப் பெயர் போகாது. முதல் சாவியும் மூன்றாவது சாவியும் ஒரே பையில் இருந்தால் ஒரு பெண் பிள்ளை வாயைத் திறப்பாளா?

இது தமிழ்நாட்டுக் கதை மட்டும் அல்ல. அமெரிக்காவில் ஜிம்னாஸ்டிக்ஸ் அணிக்கு டாக்டராக இருந்த லாரி நாசர் என்பவன், சிகிச்சை என்ற பெயரில் நூற்றுக்கணக்கான பெண் பிள்ளைகளை நாசப்படுத்தினான். 2018 ஜனவரியில் 150-க்கும் மேற்பட்ட பெண்கள் கோர்ட்டில் ஏறி நின்று பேசினார்கள். 40 வருடம் முதல் 175 வருடம் வரை ஜெயில் தண்டனை விதிக்கப்பட்டது. அவன் வேலை பார்த்த மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகம் 50 கோடி டாலர் நஷ்டஈடு தர ஒத்துக்கொண்டது.

அங்கே டாக்டர் இருந்தார், சங்கம் இருந்தது, பல்கலைக்கழகம் இருந்தது. இருந்தும் புகார் சொன்ன பிள்ளைகளை யாரும் நம்பவில்லை. பெயரும் பதக்கமும் பெரிசாக இருந்தால் புகார் அமுங்கிவிடும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

பவுடர், மாத்திரை, ஊசி

இப்போது இரண்டாவது சாவி.

2010-ல் டெல்லி காமன்வெல்த் போட்டியிலும், சீனாவில் குவாங்சூ ஆசியப் போட்டியிலும் இந்தியப் பெண்கள் 4x400 மீட்டர் தொடர் ஓட்டத்தில் தங்கம் வாங்கினார்கள். நாடே கொண்டாடியது. அடுத்த வருடமே, 2011-ல், அந்த அணியில் ஓடிய அஸ்வினி அக்குஞ்சி, மன்தீப் கவுர், சினி ஜோஸ் உள்பட 6 வீராங்கனைகள் ஊக்கமருந்து சோதனையில் சிக்கினார்கள்.

'ஜின்செங் என்று சொல்லி கோச் கொடுத்ததைத்தான் சாப்பிட்டோம்' என்பது வீராங்கனைகளின் வாதம். உக்ரைன் நாட்டு கோச் யூரி ஒகோரோத்னிக் வேலையில் இருந்து நீக்கப்பட்டார். ஆனால் ஓடத் தடை வந்தது யாருக்கு? பெண்களுக்கு. முதலில் ஒரு வருடம். விளையாட்டுக்கான சர்வதேச நடுவர் மன்றம் 2012-ல் அதை 2 வருடமாக உயர்த்தியது.

ஊக்கமருந்துச் சட்டத்தின் கடுமை அப்படி. உடம்புக்குள் என்ன போனது என்பதற்கு வீரரே பொறுப்பு. "கோச் கொடுத்தார், எனக்குத் தெரியாது" என்று சொன்னால் தண்டனை கொஞ்சம் குறையலாம், தப்பிக்க முடியாது. மருந்து கொடுத்த கோச்சுக்கும் தண்டனை உண்டு. அறியாத வயதுப் பிள்ளைக்குக் கொடுத்தது நிரூபணமானால் ஆயுள் தடை வரை போகும். ஆனால் அதை நிரூபிப்பது யார்? கோச் பில் போட்டா மாத்திரை கொடுக்கிறார்?

ஓட்டம் பிடித்த வீரர்கள்

2023 செப்டம்பரில் டெல்லியில் நடந்த கூத்து சிரிப்பாய்ச் சிரித்தது. மாநில தடகளப் போட்டி. ஜவகர்லால் நேரு ஸ்டேடியத்தின் கழிப்பறையில் ஊசிகள் கிடந்த வீடியோ வெளியானது. ஊக்கமருந்து தடுப்பு அதிகாரிகள் வந்தார்கள். அவ்வளவுதான், வீரர்கள் மாயம்! ஆண்கள் 100 மீட்டர் இறுதி ஓட்டத்தில் ஓட வந்தவர் ஒரே ஒருவர்.

சிரிக்கும் விஷயமா இது? மாநில அளவில், பெரிய பணம் எதுவும் இல்லாத போட்டியில் இந்த நிலைமை. உலக ஊக்கமருந்து தடுப்பு அமைப்பின் 2024-ம் வருடக் கணக்குப்படி இந்தியாவில் எடுத்த 7,113 மாதிரிகளில் 260 மாதிரிகளில் தடை செய்யப்பட்ட மருந்து இருந்தது. அதிக அளவில் சோதனை நடத்தும் நாடுகளில் இந்தியாதான் இந்தக் கெட்ட பெயரில் முன்னால் நிற்கிறது.

கிராமத்துப் பையனுக்கு ஸ்டீராய்டு என்றால் என்ன தெரியும்? 'சத்து ஊசி' என்று சொன்னால் கையை நீட்டிவிடுவான். ஈரலும் இருதயமும் கெட்டால் அவன் வீட்டார்தான் ஆஸ்பத்திரிக்கு அலைய வேண்டும்.

காகிதம் தூங்கியது

நாலாவது சாவி நிர்வாகம். அது சரியில்லை என்றால் என்ன நடக்கும் என்பதற்கு திருச்சி முடிகண்டம் கோமதி மாரிமுத்து விவகாரமே பாடம்.

2019 மார்ச் மாதம் பாட்டியாலாவில் பெடரேஷன் கோப்பை போட்டி. அங்கே கோமதியின் சிறுநீர் மாதிரி எடுக்கப்பட்டது. அடுத்த மாதம், ஏப்ரல் 22-ந்தேதி, தோகாவில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் அவர் 800 மீட்டரில் தங்கம் வென்றார். ஊரே திரண்டது. பாராட்டு மழை.

மே மாதம் குண்டு விழுந்தது. மார்ச் மாதம் எடுத்த மாதிரியிலேயே நான்ட்ரோலோன் என்ற ஸ்டீராய்டின் தடயம் இருந்ததாம்! 'அந்த முடிவு எங்களுக்கு முன்கூட்டியே வந்திருந்தால் தோகாவுக்கே அனுப்பியிருக்க மாட்டோம்' என்றது தடகள சம்மேளனம். தெரிந்து எதையும் சாப்பிடவில்லை என்றார் கோமதி. 2020-ல் 4 வருடத் தடை உறுதியானது. தங்கமும் போனது.

தவறு யாருடையது என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். ஒரு காகிதம் சரியான நேரத்துக்கு மேசைக்கு வந்திருந்தால் ஒரு பெண்ணை மாலை போட்டுத் தூக்கி, பிறகு உலகத்தின் முன்னால் கீழே போட்டிருக்க வேண்டியதில்லை. நிர்வாகம் தூங்கினால் அவமானம் ஓடுகிறவருக்குத்தான்.

ரகசியம் தெருவுக்கு வந்தது

அதற்கும் முன்னால் 2006. புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில் செங்கல் சூளைத் தொழிலாளியின் மகளாகப் பிறந்த சாந்தி சௌந்தரராஜன், அதே தோகாவில் ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார். உடனே பாலினச் சோதனை. பதக்கம் பறிப்பு. சோதனை எதற்கு என்பதே தனக்குச் சொல்லப்படவில்லை என்று அவர் பின்னால் கூறினார்.

ஒரு நோயாளியின் ரிப்போர்ட்டை டாக்டர் தெருவில் நின்று படிப்பாரா? சாந்தியின் உடம்பைப் பற்றிய ரகசியம் டி.வி.யிலும் பேப்பரிலும் வந்தது. மனம் உடைந்துபோனார். 2012-ல் அவர் செங்கல் சூளையில் வேலை பார்த்த படம் வெளியாகி எல்லோரையும் உலுக்கியது. பிறகு அவர் கோச் படிப்பு முடித்து, தமிழ்நாட்டில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலையில் சேர்ந்தார். அது அவருடைய வைராக்கியம். அமைப்புக்கு அதில் பெருமை இல்லை.

பிள்ளைகளின் உடல்நலக் குறிப்பு யாரிடம் இருக்கிறது, யார் பார்க்கலாம் என்பதும் நிர்வாகம்தான். பெண் பிள்ளையின் மாதவிடாய் விவரத்தைக்கூட வாட்ஸ்அப் குரூப்பில் போடச் சொல்லும் இடத்தில் பயிற்சி நடக்கிறது என்று சொல்லவே முடியாது.

அடிபட்டால் யார்?

2022 ஜூலை. கடலூர் மாவட்டம் பண்ருட்டி அருகே கபடி ஆட்டம். எதிர் அணிக்குள் பாடிப்போன இளைஞர் களத்திலேயே விழுந்தார். எழவே இல்லை. ஆடிக்கொண்டிருந்த பிள்ளை பிணமானதை வீடியோவில் பார்த்து ஜனங்கள் பதறினார்கள்.

அதே வருடம் நவம்பர் மாதம். சென்னையைச் சேர்ந்த 17 வயது கால்பந்து வீராங்கனைக்கு முழங்காலில் ஜவ்வு கிழிந்தது. அரசு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். அதன் பின் இறுக்கமாகப் போட்ட கட்டால் ரத்த ஓட்டம் நின்று, கால் எடுக்கப்பட்டு, 15-ந்தேதி உயிரே போய்விட்டது. டாக்டர்களின் கவனக்குறைவுதான் என்று அமைச்சரே சொன்னார். இரண்டு டாக்டர்கள் சஸ்பெண்டு செய்யப்பட்டார்கள்.

இரண்டும் வேறு வேறு சம்பவம். ஆனால் எழும் கேள்வி ஒன்று. அடிபட்ட நிமிடத்தில் இருந்து, குணமாகி மறுபடி களத்துக்கு வரும் நாள் வரை, அந்தப் பிள்ளையின் பக்கத்தில் நிற்க விவரம் தெரிந்த ஆள் யாராவது உண்டா?

அமெரிக்காவில் இதற்கென்றே தனித் தொழில் இருக்கிறது. அடிபடாமல் பார்ப்பது, அடிபட்டால் முதலுதவி செய்வது, மறுபடி ஆடலாமா என்று சொல்வது, இதுதான் அவர்கள் வேலை. அவர்களுடைய தேசிய சங்கம் 1950-ல் தொடங்கியது. வாஷிங்டன் மாநிலம் 2009-ல் ஒரு சட்டம் போட்டது. தலையில் அடிபட்டதாகச் சந்தேகம் வந்தாலே பிள்ளையை வெளியே எடுக்க வேண்டும். உரிமம் பெற்ற மருத்துவ ஆள் எழுதிக் கொடுக்காமல் திரும்ப இறக்கக்கூடாது. மூளையில் அடிபட்டும் களத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்ட ஒரு சிறுவனின் பெயரில் வந்த சட்டம் அது.

ஜெயிக்க நினைப்பவர் வேறு, 'நிறுத்து' என்று சொல்பவர் வேறு என்று பிரித்துவிட்டார்கள். நம் ஊரில் இரண்டையும் ஒரே ஆள் சொல்ல வேண்டும். பைனல் மேட்ச் அன்று அவர் எதைச் சொல்வார் என்று கேட்கவே வேண்டாம்.

சட்டம் இருக்கிறது

சட்டம் இல்லாமல் இல்லை. 2012-ம் வருடத்து போக்சோ சட்டப்படி, சிறுவர் மீது பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தும் சொல்லாமல் இருப்பதே குற்றம். நிறுவனத்தின் தலைவர் மறைத்தால் ஒரு வருடம் வரை ஜெயில். 'ஊர் மானம் போகும்' என்று பஞ்சாயத்து பேசி முடிப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டம் 2013-ல் வந்தது. ஸ்டேடியமும் விளையாட்டுப் பயிற்சி நிறுவனமும் அந்தச் சட்டத்தில் பணியிடம் என்றே குறிப்பிடப்பட்டிருக்கின்றன. 10 பேர் வேலை செய்யாத சின்ன இடம் என்றால் மாவட்டத்தில் உள்ள உள்ளூர்ப் புகார் குழுவிடம் போகலாம். ஆனால் நிலைமை என்ன? 2023-ல் மல்யுத்த வீராங்கனைகள் டெல்லி நடுத்தெருவில் உட்கார்ந்த பிறகுதான், பல தேசிய சம்மேளனங்களில் முறையான புகார் குழுவே இல்லை என்பது தெரிந்தது. மனித உரிமை ஆணையம் நோட்டீஸ் விட்டது.

2022-ல் ஊக்கமருந்து தடுப்புச் சட்டம், 2025 ஆகஸ்டில் தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம் என்று வரிசையாக வந்தன. புதிய சட்டத்தில் தேசிய வாரியம் உண்டு, தீர்ப்பாயம் உண்டு, பெண்கள் மற்றும் சிறுவர் பாதுகாப்புக்கான கொள்கை உண்டு. எல்லாம் டெல்லியில் இருந்து இறங்கி செஞ்சி மைதானத்துக்கு வந்து சேர எத்தனை வருடம் ஆகுமோ? அதுவரை பிள்ளைகள் ஓடாமல் இருக்க முடியாது.

காசு செலவில்லை

நாலு சாவியையும் பிரித்து வைக்கப் பெரிய பணம் தேவையில்லை. பெற்றோரும் பள்ளிக்கூடமும் ஊர்ப் பெரியவர்களும் கேட்க வேண்டிய கேள்விகள் இவை:

• கோச் எங்கே படித்தார்? பாட்டியாலா தேசியப் பயிற்சி நிலையமா, உடற்கல்விக் கல்லூரியா? காகிதத்தைக் காட்டுவாரா?

• வலிக்குப் பிடித்துவிடுவது, கட்டுப்போடுவது எல்லாம் எல்லோர் கண் எதிரே, இன்னொரு பெரியவர் முன்னிலையில் நடக்கிறதா? பெண் பிள்ளைகளுக்குப் பெண் உதவியாளர் உண்டா?

• டாக்டர் சீட்டு இல்லாமல் எந்த மாத்திரையும் ஊசியும் பவுடரும் தரமாட்டோம் என்று எழுதி மாட்டியிருக்கிறார்களா?

• யாருக்கு எப்போது அடிபட்டது என்று நோட்டு இருக்கிறதா? நெஞ்சை அழுத்தி உயிர் காக்கும் முதலுதவி தெரிந்தவர் மைதானத்தில் இருக்கிறாரா? 108 வண்டி உள்ளே வர வழி திறந்திருக்கிறதா?

• அணித் தேர்வு எதை வைத்து என்பது முன்பே சொல்லப்படுகிறதா? ஓடிய நேரம் எல்லோருக்கும் தெரியும்படி எழுதப்படுகிறதா?

• பீஸுக்கு ரசீது உண்டா?

• புகார் என்றால் கோச் அல்லாத வேறு ஒருவரின் போன் நம்பர் போர்டில் இருக்கிறதா? சிறுவர் உதவி எண் 1098 அதன் கீழே இருக்கிறதா?

கோச்சுக்கும் காப்பு

'இப்படி எல்லாம் கேட்டால் எந்த கோச் நிற்பார்?' என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பீஸே வாங்காமல், சொந்தக் காசில் பிள்ளைகளுக்கு முட்டையும் ஷூவும் வாங்கிக்கொடுக்கும் வாத்தியார்கள் நம் ஊர்களில் நிறையப் பேர். அவர்களால்தான் கிராமத்துப் பிள்ளைகள் மெடல் வாங்குகிறார்கள்.

இந்த விதிகள் அவர்களுக்கும்தான் காப்பு. கதவு திறந்திருந்தால் வீண் பழி வராது. ஓடிய நேரத்தை எழுதி வைத்திருந்தால் 'காசு வாங்கிக்கொண்டு ஆளை மாற்றினார்' என்று யாரும் சொல்ல முடியாது.

இன்னொன்றும் இருக்கிறது. எங்கோ ஒரு மைதானத்தில் ஒரு அசிங்கம் வெளியே வந்தால், இங்கே அடுத்த நாளே பத்துப் பெண் பிள்ளைகள் பயிற்சிக்கு வரமாட்டார்கள். "போதும்மா ஓடினது, வீட்ல இரு" என்று அப்பா சொல்லிவிடுவார். தப்பு செய்தவன் ஒருவன், ஓட்டம் நின்றுபோவது பத்துப் பேருக்கு. போலீஸ் வேலையும் காலேஜ் சீட்டும் கனவோடு போய்விடும்.

அதனால் இன்று சாயந்திரமே ஒரு நடை மைதானத்துக்குப் போய் கோச்சைப் பார்த்து, மரியாதையாக, இந்தக் கேள்விகளைக் கேட்கலாம். நல்லவர் உட்கார வைத்துப் பதில் சொல்வார். கேட்டதற்கே கோபித்துக்கொள்கிறவரிடம் பிள்ளையை விடாமல் இருப்பதே நல்லது.